கரிக்கோட்டில் ஒரு முகம்

மனிதன் தன் வாழ்நாளில் மிகுதியாகக் காண்பது மனித முகத்தையே. எனினும், நன்கறிந்த ஒருவரின் முகத்தைக் கண்ணை மூடி நினைவிற் கொணர்ந்து, அதனைத் தாளிலே வரைய முயல்வோமாயின், அம்முகத்தை நாம் இதுகாறும் செவ்வையாகப் பார்க்கவேயில்லை என்பது புலனாகும். புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? செவியின் மேல்விளிம்பு எதற்கு நேராக நிற்கின்றது? சிரிக்கும்போது மடிவது கன்னமா, கண்ணின் கடைக்கோடியா? விடை தெரியாது விழிக்கின்றோம். முகம் வரைதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் முதல் நாளிலேயே அறிந்துகொள்ளும் உண்மை இது.

இதற்கு வேண்டிய கருவிகள் சிலவே. அவற்றின் விலையும் பெரிதன்று. முதலாவது, பள்ளிப் பிள்ளையும் அறிந்த பென்சில். அதன் வரலாறு சுவையுடையது. 16 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபுறத்துக் கம்பர்லந்து மலைநாட்டில் எடுக்கப்பட்ட தூய பென்சிற்கரியே ஐரோப்பியர் நெடுங்காலம் விரும்பிய பொருளாக விளங்கிற்று. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டபோது அப்பொருள் பிரான்சுக்குக் கிட்டாதொழிந்தது. நிக்கொலா ஜாக் கொன்ரே என்பார் பென்சிற்கரித் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையிலிட்டுச் சுட்டு, 1795 இல் அம்முறைக்கு உரிமை பெற்றார். களிமண் கூடினாற் கோடு கடினமாகி வெளிறும். குறைந்தால் மென்மையாகிக் கறுக்கும். இன்று பென்சிலின் மேல் நாம் காணும் 'எச்' கடினத்தையும் 'பி' கருமையையும் குறிப்பன.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும், குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கத்திலும் பாறை வெடிப்புகளினூடே நரம்புபோல் ஓடிக்கிடக்கும் பென்சிற்கரி, தூய்மையாற் பெயர்பெற்றது. வழக்கிலே காரீயம் என்பாராயினும் அதில் ஈயம் சிறிதும் இல்லை. அது கரியின் ஒரு வடிவமே.

இரண்டாவது கருவி கரிக்கோல். வில்லோ மரத்தின் சிறு கொம்புகளையோ திராட்சைக் கொடியையோ காற்றுப் புகாது மூடிச் சுட்டெடுப்பது இது. பென்சிலும் கரிக்கோலும் ஒரே மூலகத்தின் பிள்ளைகளாயினும் குணத்தால் வேறானவை. பென்சில் நுணுகி நுணுகிச் செல்லும். கரிக்கோலோ ஒரே இழுப்பில் கன்னத்தின் நிழல் முழுவதையும் தந்துவிடும். விரல் பட்டால் கலையும். பிசின் கரைசலை மேலே மென்மையாகத் தூவினாலன்றி நில்லாது. என் மேசையில் ஒரு 'எச்.பி.', ஒரு '4 பி', இரண்டு கரிக்கோல்கள், களிமண்போற் பிசையத்தக்க மெல்லிய றப்பர் ஆகியவையே உள. றப்பர் வருமுன் ஓவியர் பாணின் உட்பகுதியை உருட்டியே கோட்டை அழித்தனர். அழித்தற்கு மட்டுமன்று, கரிபடிந்த இடத்தில் ஒற்றி எடுத்து நெற்றியின் ஒளியை உண்டாக்குதற்கும் றப்பர் உதவும். தாள் சற்றுச் சொரசொரப்பாயிருத்தல் நன்று. வழுவழுத்த தாளில் கரி பிடியாது.

தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, கண்களை உச்சிக்கு அண்மையாக வரைந்துவிடுதல். உண்மையில், நேராக நோக்கும் வளர்ந்தவரின் தலையில், உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவிலேயே கண்கள் அமைகின்றன. இத்தகைய அளவுகளைச் சில கிழமைகளிற் கற்றுவிடலாம். ஆனால் அளவெல்லாம் சரியாயிருந்தும் உயிரற்ற படங்கள் எத்தனை! உணர்ச்சி எங்கிருந்து வருகின்றது என்பதே வினா.

ஜெர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1514 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம் தாயாரைக் கரிக்கோலால் வரைந்தார். தாயாருக்கு அப்போது வயது 63, 18 பிள்ளைகளைப் பெற்றவர், நோயால் மெலிந்திருந்தவர். குழிந்த கன்னம், எலும்பு தெரியும் நெற்றி, கழுத்திற் புடைத்த நரம்பு ஆகிய எதனையும் மகன் மறைத்தாரில்லை, அழகுபடுத்தவும் எண்ணினாரில்லை. தாயாரின் வயதைத் தாளின் மீதே எழுதிவைத்தார். இரண்டு மாதங்களில் அவ்வம்மையார் காலமானார். மகன் அதே தாளை எடுத்து, இறந்த நாளை மையாற் குறித்தார். பேர்லின் நகரில் இன்றும் பேணப்படும் அத்தாளைக் கண்டோர், முதுமையை எவ்வளவு அன்போடு பார்க்க முடியும் என்பதை அறிவர்.

அதே நாட்டைச் சேர்ந்த கேத்தே கொல்விட்ஸ் அம்மையார், 1933 இல் தாம் கரிக்கோலால் வரைந்துகொண்டிருக்கும் கோலத்தைத் தாமே வரைந்தார். முகமும் கையும் அதிலே தெளிவாக உள்ளன. இரண்டையும் இணைக்கும் புயமோ, மேலுங்கீழுமாக வேகமாய் இழுத்த கரிக்கோடுகளேயன்றி வேறில்லை. அக்கோடுகளில் வரையும் கையின் விசை முழுவதும் தெரிகின்றது. எதனை விடுவது என்று தெரிந்தவர்க்கே இது கைகூடும்.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே கூறுவேன். மாணவப் பருவத்தில் ஒரு மாலைப்பொழுது, பட்டணம் போன மாமாவை எதிர்பார்த்துப் படலையை நோக்கியவாறு திண்ணையில் இருந்த அம்மம்மாவை, அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன். மூக்கு பிழை, வாயும் சற்றுக் கோணல். வெட்கத்தால் ஒருவருக்கும் காட்டவில்லை. அடுத்த ஆண்டு அம்மம்மா இறந்துபோனார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். சுவரிலே மாட்டியிருந்த அம்மம்மாவின் ஒரேயொரு நிழற்படம் வீட்டோடு நின்றுவிட்டது. மறு ஆண்டு திரும்பிச் சென்றபோது சுவரும் இல்லை, படமும் இல்லை.

அம்மம்மாவின் முகம் இனி எங்கேயும் இல்லையே என்று அம்மா அழுதபோதுதான் புத்தகப் பையில் வந்த கொப்பி என் நினைவுக்கு வந்தது. தயங்கியபடி எடுத்துக் கொடுத்தேன். அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "மூக்கு அம்மான்ர மூக்கில்லை. ஆனா ஆரையும் பாத்துக்கொண்டிருந்தா அம்மா இப்பிடித்தான் இருப்பா," என்றார். நிழற்படத்தில் அம்மம்மா கமராவுக்கு அஞ்சி விறைத்திருந்தார் என்பதை அன்றுதான் இருவரும் எண்ணிப் பார்த்தோம். அந்தத் தாள் இப்போது சட்டமிடப்பட்டு அம்மாவின் அறையில் இருக்கின்றது. மூக்கைத் திருத்தித் தருகிறேன் என்று பலமுறை கேட்டுவிட்டேன், அம்மா இசையவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் யான் கூறத்தக்கது இதுவே. சித்திரப் பாடத்தில் பெற்ற புள்ளிகளை மறந்துவிடுங்கள். இன்று மாலை, வீட்டிலே வேலையாயிருக்கும் முதியவர் ஒருவர் எதிரே, ஒரு பென்சிலுடன் கால்மணி நேரம் அமர்ந்து பாருங்கள். படம் பிழைத்தாலும் தாளைக் கிழித்தெறியாதீர்கள். மூலையில் திகதியை இட்டு வையுங்கள்.