3,050 கிலோ வண்டி, 5.9 டன் இழுப்பு, 16 மி.மீ. தகடு

ஆஸ்திரேலியாவில் 2022-இல் விற்ற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப்கள் 64,391. 2023-இல் 61,111, அதாவது 5.1 சதவீதம் குறைவு. அவ்வாண்டு அதை முந்திய ஃபோர்டு ரேஞ்சர் 63,356 விற்றது. இரண்டும் சேர்ந்து 1,24,467. நாடு முழுதும் 2023-இல் விற்ற 12,16,780 புது வண்டிகளில் இது 10.2 சதவீதம். இரண்டு சக்கர இயக்க வகைகளும் இந்த எண்ணிக்கையில் அடக்கம் என்பதால், இத்தனையும் காட்டுப்பாதைக்குப் போவதில்லை. போகிறவை ஃப்ரேசர் தீவு என்று முன்பு அழைக்கப்பட்ட கரி தீவின் மணலிலும், சிம்ப்சன் பாலைவனத்தின் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகளிலும் என்றாவது ஒருநாள் புதைகின்றன. புதைந்த வண்டியை முன்னிருந்து இழுக்க சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்தும் எஃகுப் பிடிதான் ரிகவரி பாயின்ட். அது எவ்வளவு தாங்க வேண்டும் என்பதே இங்குள்ள கணக்கு.

முதல் எண் 3,050 கிலோ. நான்கு சக்கர இயக்கமும் இரட்டைக் கேபினும் கொண்ட ஹைலக்ஸ், ஆளும் சாமானும் ஏற்றிய நிலையில் அனுமதிக்கப்படும் மொத்த எடை அது. அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு நெடுநாளாகச் சொல்லிவரும் விதிப்படி, சக்கர அளவுக்குப் புதைந்த வண்டியை அசைக்க அதன் எடைக்குச் சமமான இழுப்பு தேவை. மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. ஹைலக்ஸுக்கு முதல் நிலையில் 3.05 டன், இரண்டாம் நிலையில் 6.1 டன். ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு கூடும். 15 பாகைச் சரிவில் 0.76 டன்.

இந்த இழுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு வண்டியும் ஒரு நைலான் பட்டையும். பட்டையின் முறிவுத்திறன், இரண்டில் இலகுவான வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நடைமுறை. 3,050 கிலோவுக்கு அது 6,100 முதல் 9,150 கிலோ வரை. கடையில் கிடைக்கும் 8 டன் பட்டை இந்த வரம்புக்குள் அடங்கும். நீளம் 9 மீட்டர். முறியுமுன் 20 சதவீதம், அதாவது 1.8 மீட்டர் நீளும் என்று கொள்வோம்.

இழுக்கும் வண்டி 2,500 கிலோ எடையுடன் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பட்டையின் இறுக்கத்தைத் தொட்டால் அதன் இயக்க ஆற்றல் 9,645 ஜூல். 20 கி.மீ. வேகத்தில் 38,580 ஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. நீளும் அளவுக்கு ஏற்றபடி பட்டையில் விசை சீராக ஏறுகிறது, புதைந்த வண்டி அசையவில்லை என்று வைத்தால், உச்ச இழுப்பு 10 கி.மீ.யில் 2.96 டன், 20 கி.மீ.யில் 5.9 டன். எஞ்சின் தொடர்ந்து தரும் தள்ளுவிசை இதற்கு மேல் சேரும். சக்கர அளவுப் புதைவுக்கு 10 கி.மீ., மட்கார்டு அளவுக்கு 20 கி.மீ. ஏறத்தாழப் போதும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அதே 8 டன் முறிவுத்திறன் இருந்தும் 5 சதவீதம் மட்டுமே நீளும் சாதாரண இழுவைப் பட்டையை மாட்டினால், 20 கி.மீ.யில் கணக்குக் காட்டும் விசை 11.8 டன். பட்டை அதற்கு முன்பே அறுந்துவிடும்.

இனி வண்டியின் பக்கம் வருவோம். பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே முன்பக்கம் பொருத்திவரும் வளையங்கள், கப்பலிலும் லாரியிலும் வண்டியை அசையாமல் கட்டுவதற்கானவை; 5.9 டன் திடீர் இழுப்புக்கானவை அல்ல. பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டையான டோ பாலும் அப்படியே. அதன் மேல் பொறித்த 3,500 கிலோ, சாலையில் உருளும் டிரெய்லருக்கான எண். அதில் பட்டையை மாட்டி இழுத்து, பால் முறிந்து பறந்து, ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. 38,580 ஜூலில் வெறும் 5 சதவீதம் 1 கிலோ இரும்புத் துண்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அது மணிக்கு 224 கி.மீ. வேகத்தில் பறக்கும். இந்தக் கட்டுரையில் மிகவும் கவலை தரும் எண் இதுதான்.

பட்டையைப் பிடியோடு இணைக்கும் எஃகு வளையமான ஷேக்கிள் பொதுவாகக் கணக்கின் பலவீனமான இடமல்ல. 16 மி.மீ. ஷேக்கிளில் பொறித்த வேலைச்சுமை 3.25 டன், 19 மி.மீ.யில் 4.75 டன். பாதுகாப்புக் காரணி 6 எனில் முறிவுச்சுமை முறையே 19.5, 28.5 டன்.

பிடியைச் சேசிஸோடு இறுக்கும் போல்ட்டில் கதை வேறு. எம்12 அளவு, 10.9 தரப் போல்ட்டின் இழுவிசைப் பரப்பு 84.3 ச.மி.மீ.; நிரந்தரமாக நீளாமல் அது தாங்கும் சுமை 7.1 டன். அதில் 75 சதவீதம் வரை, ஏறக்குறைய 126 நியூட்டன்-மீட்டர் முறுக்கில் இறுக்கி, உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், ஒரு போல்ட் தன் அழுத்தத்தால் மட்டும் 1.07 டன் நழுவாமல் பிடிக்கும். ஒரு பிடிக்கு மூன்று போல்ட் எனில் 3.2 டன். 8.8 தரத்தில் இதே மூன்றும் பிடிப்பது 2.2 டன், 30 சதவீதம் குறைவு. 10.9 தரப் போல்ட்டை வாங்கி, 8.8-க்கு உரிய 88 நியூட்டன்-மீட்டரில் நிறுத்தினாலும் இதே 2.2 டன்தான். உராய்வு தோற்றவுடன் போல்ட் முறியாது. ஆனால் பிடியின் தகடு நகர்ந்து, சுமை சேசிஸின் மெல்லிய சுவரிலுள்ள துளை விளிம்பில் ஏறும். துளை நீள்வட்டமாவது அப்போதுதான். ஒற்றைப் பிடியில் வரும் 5.9 டன், 3.2 டனைத் தாண்டிவிடுகிறது.

அதைவிடப் பெரிய இடைவெளி தகட்டில் இருக்கிறது. 75 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன், 24 மி.மீ. துளை, 350 மெகாபாஸ்கல் விளைவலிமை கொண்ட எஃகு என்று எடுத்துக்கொண்டால், நேர் இழுப்பில் துளையருகே மிஞ்சும் 612 ச.மி.மீ. பரப்பு ஏறக்குறைய 21.8 டன் தாங்கும்; தேவையைப் போல 3.7 மடங்கு. இழுப்பு 30 பாகை சாய்ந்தால் 5.9 டனில் பாதி, 2.96 டன், பக்கவாட்டில் வளைக்கும். ஷேக்கிள் துளை பொருத்துமிடத்திலிருந்து 80 மி.மீ. முன்னே நீட்டியிருந்தால் தகட்டில் எழும் தகைவு 1,289 மெகாபாஸ்கல்; எஃகின் வலிமையைப் போல 3.7 மடங்கு. ஒரே தகடு நேர் இழுப்பில் 3.7 மடங்கு மிச்சம் வைக்கிறது, சாய்ந்த இழுப்பில் அதே 3.7 மடங்கு பற்றாக்குறை காட்டுகிறது. நேர் இழுப்பின் முறிவுச்சுமையை மட்டும் பார்த்து வாங்குவது போதாது என்று நான் கருதுவது இதனால்தான்.

இரண்டு பிடிகளையும் ஓர் இணைப்புப் பட்டையால் சேர்த்து நடுவிலிருந்து நேராக இழுத்தால் எண்கள் மாறுகின்றன. பிடிகளுக்கிடையே 90 செ.மீ., பட்டை 3 மீட்டர் எனில் ஒவ்வொரு பிடிக்கும் 3.1 டன், மூன்று போல்ட்டின் 3.2 டனுக்குள் அடங்குகிறது, மிச்சம் மிகக் குறைவே என்றாலும். பக்கவாட்டுப் பங்கு 0.93 டன். 12 மி.மீ. தகட்டில் தகைவு 405 மெகாபாஸ்கல், இன்னும் வரம்பு மீறல். 16 மி.மீ.யில் 228, வரம்பில் 65 சதவீதம். பட்டையை 1.2 மீட்டராகக் குறைத்தால் கோணம் விரிந்து ஒவ்வொரு பிடிக்கும் 4.5 டன், பக்கவாட்டில் 3.35 டன், 16 மி.மீ. தகடும் 822 மெகாபாஸ்கல் காட்டும். 1.8 மீட்டர் பட்டையை மிச்சம் பிடித்ததில் பக்கவாட்டுச் சுமை 3.6 மடங்கு ஏறிவிடுகிறது.

விலை கடைக்குக் கடை மாறும். செலவைக் கிலோவில் பார்ப்பதே தெளிவு. 100 × 250 மி.மீ. தகடு 12 மி.மீ. தடிமனில் 2.36 கிலோ, 16 மி.மீ.யில் 3.14 கிலோ. ஜோடிக்குக் கூடுவது 1.57 கிலோ, 3,050 கிலோவில் 0.05 சதவீதம். பதிலுக்கு வளைவைத் தாங்கும் திறன் 78 சதவீதம் உயர்கிறது, தடிமன் 33 சதவீதம்தான் கூடியிருந்தும்.

எடையே கூடாத ஒரு வழியும் உண்டு. மட்கார்டு வரை புதைந்த வண்டியைச் சுற்றி மண்வெட்டியால் தோண்டிச் சக்கர அளவுக்குக் கொண்டுவந்தால், தேவையான இழுப்பு 6.1 டனிலிருந்து 3.05 டனாகவும், இழுக்கும் வேகம் 20 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ.யாகவும், பட்டையில் ஏறும் ஆற்றல் 38,580 ஜூலிலிருந்து 9,645 ஜூலாகவும் இறங்கும். இணைப்புப் பட்டையோடு இழுத்தால் ஒவ்வொரு பிடிக்கும் அப்போது வருவது 1.6 டன், 12 மி.மீ. தகட்டில்கூடத் தகைவு 203 மெகாபாஸ்கலில் நிற்கும்.