வானொலியும் தொலைபேசியும் ஒன்றோடொன்று பேச வேண்டும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. வீட்டையும் தோட்டத்துண்டையும் விட்டு வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓரிடத்தில் தெரிந்த ஆபத்து, மற்றோரிடத்தில் உறங்குபவர் காதுக்கு எட்டுவது எப்படி என்பதே கேள்வி.

தடை எங்கே?

பொலிசாரின் வோக்கி டோக்கி ஓர் அலைவரிசையில் பேசுகிறது, இராணுவத்தினுடையது வேறொன்றில். தோட்டத்தில் இருப்பதோ கைத்தொலைபேசி. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்பதில்லை. வோக்கி டோக்கியின் அலை மலையைத் தாண்டுவதும் அரிது.

பாலம் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு வானொலிக் கருவியுடனும் ஓர் இணைப்புப் பெட்டி பொருத்தப்படுகிறது. அது குரலை இலக்கங்களாக்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிக்கிறது. தோட்டத்துப் பெயர் பொறித்த தேயிலை மூட்டைகளைப் போல, ஒவ்வொரு பொட்டலமும் போகவேண்டிய முகவரியையும் வரிசை எண்ணையும் சுமந்து கணினி வலையமைப்பில் செல்கிறது. மறுமுனைப் பெட்டி அவற்றை மீண்டும் குரலாக்கி, அங்குள்ள கருவியின் பேசும் பொத்தானைத் தானே இயக்கி ஒலிபரப்புகிறது. தொலைபேசியையும் இவ்வாறே இணைக்கலாம்.

பழக வேண்டியது ஒன்று உண்டு. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வோக்கி டோக்கியில் ஒருவர் முடித்த பின்பே மற்றவர் பேச முடியும். பொத்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்துப் பேசாவிட்டால் முதற் சொல் அறுந்துவிடும். "ஓடுங்கள்" என்பதே அந்தச் சொல்லாக இருக்கலாம்.

கொத்மலை காட்டிய வழி

வானொலியையும் இணையத்தையும் இணைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1998இல் ஆரம்பித்த யுனெஸ்கோ திட்டத்தின் மூலம் இணைய வசதி பெற்றது. கிராமத்தவர் கேள்வி அனுப்பினர்; அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். கணினியைத் தொடாதவருக்கும் அறிவு கிடைத்தது.

பாலமும் உடையும்

வீதியோரம் செல்லும் கண்ணாடி இழைக் கம்பி, வீதியோடு சேர்ந்து அறுந்துவிடும். அப்போது பெட்டி இருந்தும் பயனில்லை. எனவே மின்கலம், சூரியத் தகடு, செய்மதி போன்ற மாற்றுவழி ஏதேனும் தேவை. வலையமைப்பு இல்லாமலே நேராகப் பேசும் வோக்கி டோக்கியையும் கைவிடலாகாது.

நாம் செய்யக்கூடியவை

இடம் மாறிய குடும்பங்கள் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கிராம சேவகரிடம் பதிய வேண்டும். பழைய லயத்துக்குப் போகும் எச்சரிக்கை உங்களைக் காக்காது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அடைமழை இரவில் யார் விழித்திருந்து வானொலி கேட்பது என்று முறை வையுங்கள்.

கடைசி நூறு யாருக்குக் கருவி எதுவும் வேண்டாம். பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பும், கோயில் மணியும் போதும். ஆனால் அதை அடிப்பவருக்குச் செய்தி வந்து சேரவேண்டும்.