நால்வர் தூரிகை

1910-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் மாநகரின் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில், ரோஜர் ஃப்ரை என்ற கலை விமர்சகர் பிரெஞ்சு தேசத்துச் சித்திரங்கள் பலவற்றைத் திரட்டி வைத்தபோது, பார்க்க வந்த கனவான்களில் சிலர் வாய்விட்டுச் சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள், இவை சித்தஸ்வாதீனம் இழந்தவர்களின் கைவேலை என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. எல்லோரையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்ததால், 'போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று ஃப்ரை அவர்களுக்குப் பெயரிட்டார். அப்பெயருக்கு உரியவர்களில் தலையாயவர்களான ஸெரா, கோகேன், வான்கோ, ஸெஸான் என்ற நால்வரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். தாங்கள் ஒரே கோஷ்டி என்று அவர்கள் எண்ணியதும் இல்லை; கோகேன் ஸெஸானைக் குருவாகவே போற்ற, ஸெஸானோ கோகேனின் படங்களைச் சற்றும் மதித்தாரில்லை.

இருந்தும் நால்வருக்கும் பொதுவாக ஓர் அதிருப்தி இருந்தது. மோனே, பிஸ்ஸாரோ முதலிய இம்ப்ரெஷனிஸ்டுகள், அறைக்குள் அடைந்து கிடந்த ஓவியத்தை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, நீரின்மேலும் இலையின்மேலும் கணந்தோறும் மாறும் வெயிலை அந்தக் கணத்திலேயே பிடித்து வைக்கும் வித்தையை 1874 முதல் உலகத்துக்குக் காட்டிவந்தார்கள். அந்த வித்தையை நால்வரும் சிரத்தையுடன் கற்றார்கள். கற்ற பிறகு, கழிந்துபோகும் ஒளியைத் தீட்டிவிட்டால் போதுமா, பொருளின் கனமும் கட்டமைப்பும் பார்ப்பவன் மனத்தின் வேகமும் எங்கே போயின என்று ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடைகளை அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளில் தேடுவது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில், தேட வேண்டிய இடம் கித்தானின்மீது தூரிகை பதிந்த தடம்தான்.

நால்வரில் வயதில் இளையவரான ஸெரா சாஸ்திரத்தின் துணையை நாடினார். பாரிஸில் கோப்லான் சித்திரத் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப்பகுதிக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற ரஸாயன நிபுணர், கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்று எழுந்த புகாரை ஆராயப் புகுந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த வர்ணமே கண்ணுக்கு அதை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டறிந்து, 1839-இல் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். ஸெரா அதைக் கற்றுத் தெளிந்து, வர்ணங்களை இயன்றவரை குழைக்காமல், புள்ளி புள்ளியாக அருகருகே வைத்து, கலக்கும் வேலையைப் பார்ப்பவர் கண்ணுக்கே விட்டுவிட்டார். ஸேன் நதியிலுள்ள கிராந்த் ஜாத் தீவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைப் போக்கும் பாரிஸ் ஜனங்களை, இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமுமான கித்தானில் இவ்வாறு தீட்டி, 1886-இல், இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவதும் கடைசியுமான காட்சியில் வைத்தார். அதில் வெயில் படும் புல்லுக்காக அவர் நம்பியெடுத்த துத்தநாக மஞ்சள் சில வருஷங்களிலேயே பழுப்பேறிப்போயிற்று. ஆனாலும் படம் குன்றவில்லை. குடை பிடித்த மாதரும், கயிற்றில் கட்டிய குரங்கும், நீண்ட நிழல்களும் அளந்து நிறுத்தப்பட்ட அந்தச் சமநிலையில் இன்றும் கண் அமைதி கொள்கிறது. 31 வயதிலே அவர் மாண்டார். அவருடைய புள்ளி முறையைச் சில காலம் கைக்கொண்ட முதியவர் பிஸ்ஸாரோ, அது தம் கையைக் கட்டிப்போடுவதாக உணர்ந்து விட்டுவிட்டார்.

பங்குச் சந்தையில் பணம் ஈட்டிக்கொண்டிருந்து, 1882-இல் சந்தை சரிந்தபின் ஓவியமே கதியென்று வந்த கோகேனுக்கு, கண்ணால் காண்பதை விட மனத்தில் தங்குவதே பெரிதாகப் பட்டது. பிரித்தானிப் பிரதேசத்தின் போந்த்-அவென் கிராமத்தில், 1888-இல், பிரசங்கம் கேட்டுத் திரும்பும் குடியானவப் பெண்கள் யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டுவதை அகக்கண்ணால் காண்பதாக ஒரு படம் எழுதினார். வெள்ளைத் தலையணி தரித்த அப்பெண்களுக்கு எதிரே விரியும் தரை முழுவதும் செக்கச்செவேல் என்றிருக்கிறது. உருவங்கள் கருங்கோட்டுக்குள் தட்டையான வர்ணப் பரப்புகளாக அடங்கிவிடுகின்றன. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிலிருந்தும், எமீல் பெர்னார் என்ற இளம் நண்பரிடமிருந்தும் அவர் பெற்றது இதில் நிறைய உண்டு. 1891-இல் தாஹித்தித் தீவுக்குக் கப்பலேறியபோது ஜாவாவின் போரோபுதூர் ஸ்தூபியின் சிற்பங்களைப் படம்பிடித்த புகைப்படங்களையும் கையோடு கொண்டுபோனார்; அங்கே அவர் எழுதிய 'இயா ஓரானா மரியா' என்ற மாதா சித்திரத்தில் கைகூப்பி நிற்கும் இரு பெண்களின் நிலை அந்தச் சிற்பத்திலிருந்து எடுத்ததே. பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த அத்தீவுகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளை அவர் மனைவியாக வைத்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வர்ணத்தின் வசீகரம் அந்த அநீதிக்குப் பரிகாரம் ஆகாது.

வான்கோவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், காதை அறுத்துக்கொண்ட சம்பவமே முன்னால் வந்து நின்று படங்களை மறைத்துவிடுகிறது. நோய் உக்கிரமாக இருந்த நாட்களில் பெரும்பாலும் அவரால் தூரிகையைத் தொட முடிந்ததில்லை. அவர் நமக்கு வைத்துப்போனவை தெளிந்த நாட்களின் கடும் உழைப்பு. ஓவியராக அவர் வாழ்ந்த பத்தே வருஷங்களில், 1885-இல் எழுதிய உருளைக்கிழங்கு உண்போர் சித்திரம் மண்ணின் பழுப்பிலேயே ஆழ்ந்து கிடக்க, 1886-இல் பாரிஸுக்கு வந்து இம்ப்ரெஷனிஸ்டுகளையும் ஜப்பானிய அச்சுகளையும் கண்டபின் வர்ணம் மடை திறந்தது. 1888-இல் தெற்கே ஆர்ல் நகரில் குடியேறி, அங்கே விளையும் நாணலை வெட்டிப் பேனாவாகச் சீவி வரைந்த கோட்டுச் சித்திரங்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். புல்லுக்குக் குறுங்கோடு, உழுத மண்ணுக்குப் புள்ளி, மரத்துக்குச் சுழி என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தடத்தை அந்தப் பேனாவால் அவர் ஏற்படுத்திக்கொண்டார். அதே தடங்களைத்தான் பிறகு தூரிகையில் வர்ணத்தைக் குழைவாக அள்ளிக் கித்தானில் மேடாகப் பதித்தார். 1889 ஜூனில் ஸான்-ரெமி மனநல விடுதியில் எழுதிய நக்ஷத்திர இரவின் வானம் சுழல்வது உன்மத்தத்தின் அடையாளம் என்பவர்கள், அந்தக் கோட்டுச் சித்திரங்களைப் பார்த்தால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் எந்த வர்ணத்தை எதற்கு வைத்தார் என்பதை அவரே விவரித்திருக்கிறார்: இரவுக் காப்பிக்கடையில் சிவப்பும் பச்சையும் மோதுவது மனிதனின் பயங்கர வேட்கைகளைக் காட்டுவதற்காக, தம் படுக்கையறைச் சித்திரத்தின் வர்ணங்கள் இளைப்பாறுதலுக்காக. அந்த அறைச் சுவரின் ஊதா நிறம், அதில் கலந்த சிவப்பு வெளிறிப்போனதால், இன்று நமக்கு நீலமாகத் தெரிகிறது.

ஸெஸானிடம் வரும்போது நடையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அவரே அவ்வளவு மெதுவாக வேலை செய்தவர். எக்ஸ் நகரத்தில், பின்னாளில் வங்கி முதலாளியான ஒருவரின் மகனாக 1839-இல் பிறந்து, பாரிஸில் பரிகாசத்தைச் சம்பாதித்துக்கொண்டு, சொந்த ஊருக்கே திரும்பி, ஆப்பிள் பழங்களையும், ஸாந்த்-விக்த்வார் மலையையும், சீட்டாடும் குடியானவர்களையும் வருஷக்கணக்காக எழுதினார். மேஜைமேல் பழங்களை அடுக்கும்போது அடியில் காசுகளை முட்டுக்கொடுத்து, வேண்டிய சாய்வு கிடைக்கும்வரை திருத்துவாராம். படத்திலோ, துணியின் ஒரு பக்கம் தெரியும் மேஜை விளிம்பு மறுபக்கத்து விளிம்போடு நேர்க்கோட்டில் சேராது; கூடை ஒரு பார்வையிலும் தட்டு வேறொரு பார்வையிலும் இருக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் இந்தப் பிசகு அவருக்குத் தெரியாதா? தலையைச் சற்றே திருப்பியதும் பொருள் வேறாகத் தெரிகிறது என்ற உண்மையை மழுப்பாமல், கண்ட பார்வைகள் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சேர்த்து நிறுத்துவதற்காக அவர் கொடுத்த விலை அது.

அவருடைய தூரிகை, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, சிறு சிறு பட்டைகளாக வர்ணத்தை அடுக்கிச் செல்வது. நிழலைக் கறுப்பால் காட்டாமல், வெம்மையான வர்ணம் முன்னால் வருவதும் குளிர்ந்த வர்ணம் பின்னால் செல்வதுமான இயல்பைக் கொண்டே பழத்தை உருட்டினார், மலையை எழுப்பினார். ஒரு பட்டை மாறினால் அதன் அயலிலுள்ள யாவும் மாறவேண்டும். ஆகையால்தான் அத்தனை தாமதம். 1899-இல் ஓவிய வியாபாரி வொல்லாரின் உருவப்படத்துக்காக அவரை 115 முறை உட்காரவைத்தும் படத்தை முடிக்கவில்லை. கையில் இரண்டு சிறு இடங்கள் வர்ணம் படாமல் இருப்பதை வொல்லார் சுட்டிக்காட்ட, அங்கே ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் வைத்துவிட்டால் அங்கிருந்து படம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்று ஸெஸான் சொன்னதாக வொல்லாரே எழுதியிருக்கிறார்.

1906 அக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது புயல்மழையில் நனைந்து மயங்கி விழுந்து, சில நாட்களில் இறந்தார். மறுவருஷம் பாரிஸில் அவருடைய படங்களைத் திரளாக வைத்தபோது இளம் ஓவியர்கள் ஆழ்ந்து பயின்றார்கள். அவர்களில் ஒருவரான பிராக் 1908-இல், ஸெஸான் எழுதிய லெஸ்தாக் கிராமத்துக்கே சென்று அங்குள்ள வீடுகளைக் கனசதுரங்களாக எழுதினார். அவர்களுக்கும் முந்தியவர் ஓவியர் மத்தீஸ். கையில் காசில்லாத 1899-இலேயே, ஸெஸானின் நீராடும் மகளிர் மூவர் சித்திரத்தை வொல்லாரிடம் விலைக்கு வாங்கி, 37 வருஷம் தம்மிடமே வைத்திருந்து, 1936-இல் பாரிஸ் நகரத்துக்குத் தானமாக அளித்தபோது, சோர்ந்த வேளைகளில் தம்மைத் தாங்கியது அப்படமே என்று எழுதிக் கொடுத்தார்.