இரவிலும் சுடும் சுவர்: பழைய விடுதியில் வெப்பத்தைச் சமாளிப்போம்

மாணவர்களே, இரவு பத்து மணி. குளுவாங்கில் வெளியே நின்றால் காற்று இதமாக இருக்கிறது. ஆனால் விடுதி அறைக்குள் நுழைந்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல் இருக்கிறது. காற்றாடி முழு வேகத்தில் சுற்றுகிறது. தலையணையோ வியர்வையில் நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் கணிதச் சோதனை வேறு!

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரு பழைய விடுதியின் மேல்மாடியில் தங்கியிருந்தேன். ஓர் இரவு தூக்கம் வராமல் புரண்டு படுத்தபோது என் கை சுவரில் பட்டது. மணி பதினொன்று. சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது! சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் ஆகியும் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், குளிர்சாதனம் இல்லாமலும் ஓரளவு நிம்மதியாகத் தூங்க வழி கிடைக்கும்.

பகலில் வாங்கி இரவில் கொடுக்கும் சுவர்

ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடியும் என்பதே அதன் வெப்பக் கொள்ளளவு. இதையே நீங்கள் வகுப்பில் 'முவாத்தான் ஹாபா' என்று மலாயில் படிக்கிறீர்கள். தகரக் கூரை மெல்லியது. சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறிவிடும். தடித்த செங்கல் சுவரும் சிமெண்டுத் தளமும் அப்படியல்ல. பகல் முழுவதும் மெல்ல மெல்ல வெப்பத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டு, மாலைக்குப் பிறகு அதை அறைக்குள் திருப்பிக் கொடுக்கும்.

குளுவாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில் இருக்கிறது. அதனால் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கூரையின் மேல்தான் விழும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். காலை வெயிலைக் கிழக்குச் சுவரும், மாலை வெயிலை மேற்குச் சுவரும் தாங்குகின்றன. ஆகவே மேல்மாடியில், மேற்குப் பக்கக் கட்டிலில் படுப்பவருக்குத்தான் புழுக்கம் அதிகம்.

இதோடு நாமும் வெப்பம் தருகிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. தூங்கும்போது அது சற்றுக் குறையும். இருபது பேர் படுக்கும் அறையில், இரவெல்லாம் ஒரு மின்கேத்தல் அணையாமல் ஓடுவதற்குச் சமமான வெப்பம் சேர்கிறது!

பாஸ்டன் மாணவர்கள் சொன்ன பாடம்

'வியர்த்தால் என்ன, பழகிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 44 கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். 24 பேர் குளிர்சாதனம் உள்ள விடுதியிலும், 20 பேர் அது இல்லாத பழைய விடுதியிலும் தங்கியிருந்தனர். எல்லாரும் நல்ல உடல்நலம் உள்ள இளைஞர்கள். பன்னிரண்டு நாள்களுக்கு, காலையில் எழுந்தவுடன் கைப்பேசியில் சிறு சோதனைகள் செய்தார்கள்.

வெப்ப அலை வீசிய நாள்களில், பழைய விடுதி மாணவர்கள் ஒரு சோதனையில் பதில் சொல்ல சுமார் 13 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்தனர். கூட்டல் கழித்தல் கணக்கிலும் அவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். வெளியே வெப்பம் தணிந்த பிறகும் கட்டடத்துக்குள் சூடு தங்கியிருந்தது. மாணவர்களின் தடுமாற்றமும் தொடர்ந்தது. நான் தொட்டுப் பார்த்த அதே சுவரின் கதைதான்!

பாஸ்டன் குளிர்நாடு, நாமோ வெப்பத்துக்குப் பழகியவர்கள். அதனால் அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் விடுதியில் தங்கி எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், புழுக்கத்தில் தூக்கம் கெட்டு மறுநாள் கணக்கில் தவறினால், அது சோம்பேறித்தனம் அல்ல என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

வழிந்த வியர்வை வீண்

நம் உடலின் குளிரூட்டி வியர்வை. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க ஏறக்குறைய 294 கிலோஜூல் தேவை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகும்போதோ சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எட்டு மடங்கு! இதுதான் உள்ளுறை வெப்பம். மலாயில் 'ஹாபா பெண்டாம்'.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டி விழுந்தால் பயனில்லை. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. காற்றாடி உதவுவது இங்கேதான். அது காற்றைக் குளிர வைப்பதில்லை. தோலை ஒட்டியுள்ள ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் காற்றாடி, தன் மோட்டார் சூட்டைத்தான் அறையில் சேர்க்கும்.

நம் ஊருக்குப் பெயர் தந்த கெலுவாங் வௌவாலுக்கும் இந்த அறிவியல் தெரியும்! வெயில் கடுமையானால் இந்தப் பெரிய பழந்தின்னி வௌவால்கள் இறக்கையை விசிறிக்கொள்ளும். எச்சிலால் உடலை நக்கி நனைத்துக்கொள்ளும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் குளிர்ச்சி.

விடுதியில் என்ன செய்யலாம்?

பகலில் வெயிலைத் தடுங்கள். பள்ளிக்குப் புறப்படும் முன் கிழக்குப் பக்கத் திரைகளையும், மதிய உணவுக்குப் பிறகு மேற்குப் பக்கத் திரைகளையும் மூடுங்கள். வெளிர் நிறத் துணி நல்லது. சன்னலுக்கு வெளியே நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்றுவது கடினம்.

இரவில் காற்றை மாற்றுங்கள். வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து விடுங்கள். மேசைக் காற்றாடி இருந்தால் சன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுங்கள். பழைய கட்டடங்களின் உயரமான கூரையும், சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளும் வீணாக அமைக்கப்பட்டவை அல்ல. சூடான காற்று மேலே ஏறி வெளியேற அவையே வழி. அலமாரியும் அட்டைப்பெட்டியும் அவற்றை அடைத்திருந்தால் நகர்த்துங்கள். கொசுவுக்குப் பயந்து சன்னலை மூடுவதைவிடக் கொசுவலை கட்டுவது மேல்.

ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். பலர் குளிர்ச்சி வரும் என்று நினைத்து இப்படிச் செய்கிறார்கள். வட இந்தியாவின் வறண்ட வெயிலில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறை குளிரும். ஈரம் நிறைந்த நம் காற்றிலோ அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாகப் படுக்கும் முன் குளித்துவிட்டு, கை, கழுத்தை லேசாக நனைத்துக் காற்றாடிக்கு எதிரே அமருங்கள்.

விடுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கூரைக்கு வெள்ளைச் சாயம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். இந்தியாவின் அகமதாபாத் நகரம் 2017இல் எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளை பூசத் தொடங்கியது. மேற்குப் பக்கம் மரம் நடுவதும் நல்ல யோசனையே.

எப்போது ஆபத்து?

நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி, 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் கடும் வெப்பத்தால் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஓர் இடத்தின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தாலே வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கும்.

நண்பருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் நிழலுக்கு அழைத்துச் சென்று தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், சுயநினைவு தடுமாறினால், உடல் கொதித்தால் அது வெப்பத் தாக்கம். உடனே ஆசிரியரிடம் சொல்லி 999ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலில் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஓர் அறை வெப்பமானியைக் கட்டில் அருகே தொங்கவிட்டு, மாலை 5, இரவு 8, இரவு 11 மணிக்கு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வெளியேயும் அளந்து பாருங்கள். மூன்று நாள் பழைய வழக்கப்படியும், மூன்று நாள் திரை மூடிச் சன்னல் திறந்தும் செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு உங்கள் விடுதிப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். 'ரொம்பச் சூடாக இருக்கிறது, ஐயா' என்று சொல்வதைவிட, அந்த வரைபடம் அழுத்தமாகப் பேசும்.