பண்டிகை தத்தெடுத்த பாடல்கள்

டிசம்பர் பிறந்ததும் மல்லேஸ்வரத்துக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். பள்ளி விழாக்களில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாடல் ஒலிக்கும். மாணவர்களே, அப்பாடலை ஒருமுறை ஊன்றிக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் என்னும் சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. இயேசு பிறந்த செய்தியும் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவும் இல்லை!

அமெரிக்கரான ஜேம்ஸ் பியர்பான்ட் 1857ஆம் ஆண்டில் இதனை வேறொரு தலைப்பில் வெளியிட்டார். ‘ஒற்றைக் குதிரை பூட்டிய திறந்த பனிவண்டி’ என்பது அத்தலைப்பின் பொருள். குதிரையின் மணிகள் குலுங்க, இளைஞர்கள் பனியின்மீது வண்டியோட்டி மகிழ்வதே பாடற்பொருள். அந்நாட்டின் வடபகுதியில் பனிக்காலமும் கிறிஸ்துமஸும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே, பனியைப் பற்றிய பாட்டு பண்டிகைப் பாட்டாயிற்று. இசைத்தட்டும் வானொலியும் ஆண்டுதோறும் அதே நாள்களில் அதனை ஒலிக்கச் செய்தன. பனியே பொழியாத பெங்களூருவில் இன்று நாமும் அதனைப் பாடுகிறோம்.

நம் பொங்கலுக்கும் இத்தகைய பாடல் ஒன்று உண்டு. அதுவே ‘மணப்பாறை மாடு கட்டி’. 1957இல் வெளிவந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ என்னும் திரைப்படத்திற்காக மருதகாசி இயற்றியது, கே.வி. மகாதேவன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. மாடு பூட்டி உழுவது முதல் விளைந்ததை விற்பது வரை உழவரின் உழைப்பை அது வரிசையாகச் சொல்கிறது. பொங்கல் என்னும் சொல்லோ பொங்கற்பானையோ அதில் இல்லை. எனினும், மாட்டுக்கும் நிலத்திற்கும் நன்றி கூறும் நாளில் அதைவிடப் பொருத்தமான பாடல் எது?

கன்னடம் பேசும் அண்டை வீட்டாரின் வரமகாலட்சுமி நோன்பிலும் இதனைக் காணலாம். அன்று ஒலிக்கும் ‘பாக்யத லக்ஷ்மி பாரம்மா’ புரந்தரதாசர் இயற்றியது. நோன்பின் பெயர் அதில் இல்லை. ஆனால், திருமகளை வீட்டிற்கு அழைக்கும் அப்பாடல் வெள்ளிக்கிழமை வழிபாட்டைக் குறிப்பிடுகிறது. நோன்பு வருவதும் வெள்ளிக்கிழமையில்தான். பண்டிகையின் பெயரைச் சொல்லியே எழுதப்பெற்ற பாடல்கள் பல மறக்கப்பட்டிருக்க, பெயர் சொல்லாத இவை நிலைத்துவிட்டன.

இதனால் நேரும் இழப்பும் ஒன்று உண்டு. பண்டிகைக்கு உரியதாகிவிட்ட பாடலின் சொந்தப் பொருள் பல வேளைகளில் நம் காதில் விழுவதில்லை. ஊரில் உழுத தாத்தாவுக்கு மணப்பாறைப் பாடல் தாம் விட்டுவந்த வயலைக் காட்டும். ஏர் பூட்டிய வயலைக் கண்டிராத பேரனுக்கோ அது கரும்பையும் விடுமுறையையும் மட்டுமே நினைவூட்டும்.

வரும் பொங்கலன்று அப்பாடலை முழுவதும் கேளுங்கள். அதில் எத்தனை ஊர்ப்பெயர்கள் வருகின்றன? அவற்றுள் உங்கள் குடும்பத்தாரின் சொந்த ஊருக்கு அருகில் உள்ளது எது? வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி வருக.