வழுக்கும் கியர்ப்பெட்டி

மொழியில் நேரும் வழுவைக் கண்டு களைதல் நமது அன்றாடத் தொழில். பொறியின் வழுவைப் பற்றி எழுத நேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பாமன்கடையிலிருந்து ஹவ்லொக் வீதிக்கு ஒரு மாலை நமது பழைய வண்டியைத் திருப்பினோம். எஞ்சின் உரத்து முழங்கியது. வண்டியோ நடுவீதியில் தயங்கி நின்றது. எதிரே வந்த பஸ் வண்டியின் சாரதி விரைந்து பிறேக்கை அழுத்தியமையாலேயே தப்பினோம். அன்று கற்ற பாடத்தைப் பழைய மாணவர்களோடு பகிர்ந்துகொள்வது நமது கடமை எனக் கருதுகின்றோம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. ஆதலால் தானியங்கிக் கியர்ப்பெட்டியின் இயல்பை அறிதல் இன்று பலர்க்கும் பயன்தரும்.

இவ்வகைக் கியர்ப்பெட்டியைப் பெருந்தொகையாக முதன்முதற் செய்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம். அதன் ஹைட்ராமற்றிக் என்னும் பொறி 1939இல் அறிமுகமாகி, 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. இதில் எண்ணெயே உயிர்நாடி. எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டு செல்வதும் எண்ணெய். உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை ஒன்றோடொன்று இறுகப் பிடிக்கச் செய்வதும் எண்ணெயின் அமுக்கம். சூட்டைத் தணிப்பதும் அதுவே. அமுக்கம் குறைந்தால் தட்டுகள் பற்றாது வழுக்கும். வழுக்கினாற் சூடேறும், சூடேறினால் தட்டின் பூச்சுக் கருகும், கருகினால் மேலும் வழுக்கும். இவ்வாறு ஒரு சிறு குறை தானே வளர்ந்து பெருநோயாகின்றது.

நோயை எவ்வாறு அறிவது? எஞ்சினின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிடின் அது வழுக்கல். சுழற்சியும் ஏறாது வேகமும் ஏறாவிடின் குறை பெரும்பாலும் எஞ்சினில் உள்ளது. கியரை இட்டபின் வண்டி சிறிது நேரம் தாழ்த்தே அசைதலும், கருகல் நாற்றமும் பிற அறிகுறிகள். ஆயின், பட்டியாலும் கப்பியாலும் இயங்கும் சீ.வீ.ரீ. வண்டிகளிலும், பிரியஸ், அக்குவா முதலிய கலப்பின வண்டிகளிலும் எஞ்சின் ஒலி வேகத்தோடு ஒத்து ஏறாமை இயல்பு. அதனை நோயென மயங்கலாகாது.

அடுத்து எண்ணெயைச் சோதித்தல் வேண்டும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கிச் சமதரையில் நிறுத்துக. பிறேக்கை மிதித்தபடி கியர்க்கோலை எல்லா நிலைகளிலும் சற்றே நிறுத்தி, மீண்டும் தரிப்பு நிலைக்குக் கொணர்க. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே அளவுகோலை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி இட்டுப் பார்க்க. இதுவே பல வண்டிகளுக்குரிய முறை. ஹொண்டாவின் பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்த்தல் வேண்டும். அளவுகோலே இல்லாத வண்டிகளும் உள. ஆதலாற் கைந்நூலைப் பார்த்தே தொடங்குக. பெரும்பாலும் செந்நிறமாயிருக்கும் எண்ணெய் கபிலமாகி, கருகல் மணம் வீசின், தட்டுகள் தேய்ந்தன என ஐயுறலாம். நிறம் கெடாது அளவு மட்டும் குறைந்திருப்பின் எங்கோ ஒழுக்கு உண்டு.

நமது வண்டிக்கு நேர்ந்தது பின்னையதே. கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என ஓரிடத்திற் கூறினர். கேட்ட தொகையோ நமது பல மாதச் சம்பளம். நம்மிடம் தமிழ் கற்றுப் பின்னர் மோட்டார்த் தொழில் பயின்ற மாணவர் ஒருவர், "சேர், முதலில் எண்ணெயைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம், எண்ணெய் கோலின் நுனியைக்கூடத் தொடவில்லை. எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயின் இறப்பர் வெடித்திருந்தது. பல மாதமாக முற்றத்திற் கண்ட செங்கறையை நாம் பொருட்படுத்தாமையே பிழை. குழாயை மாற்றிக் குறித்த வகை எண்ணெயைச் சிறிது சிறிதாக, அளந்து அளந்து ஊற்றினோம். வழுக்கல் நின்றது.

எண்ணெயின் வகையிற் கவனம் மிக வேண்டும். சாதாரணத் தானியங்கி எண்ணெயைச் சீ.வீ.ரீ. பெட்டியில் ஊற்றினால் அது பழுதாகும். அளவு மிகுந்தாலும் நுரை எழுந்து மீண்டும் வழுக்கும். எண்ணெயை வடித்து மாற்றுங்கால் ஒரு பகுதியே வெளிவரும். எஞ்சியது உள்ளேயே தங்கும். ஆதலால் வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுக. அடித்தட்டின் காந்தத்தில் நுண்ணிய சாம்பற் பசை படிதல் இயல்பு; உலோகத் துணுக்குகள் காணப்படின் அன்று. எண்ணெய் நன்றாயிருந்தும் வழுக்குமாயின், கணினிக் கருவியால் வண்டியின் குறைக்குறியீடுகளைப் படிப்பித்தல் வேண்டும். எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வின் குறையாயின் முழுப்பெட்டியையும் மாற்றாமலே திருத்தக்கூடும்.

யாக்கை மட்டும் தாங்க நிற்கும் வண்டியின் கீழ் எவரும் புகலாகாது. உறுதியான தாங்கிகளை இட்டு, சில்லுகளுக்கு அடை கொடுத்து, எண்ணெய் ஆறியபின்பே தொடுக. கழிவெண்ணெயை வடிகானில் ஊற்றற்க. வெள்ளவத்தைக் கால்வாய் வழியே அது கடலைச் சேரும். அடைத்துக் கராச்சிற் கொடுத்துவிடுக.

தட்டுகள் தேய்ந்துவிட்டால் வீட்டு வைத்தியம் உதவாது. எந்தப் போத்தல் மருந்தும் கருகிய பூச்சை மீண்டும் முளைப்பிக்காது. அந்நிலையிற் பெட்டியைக் கழற்றித் திருத்த வல்லாரிடமே செல்லுதல் வேண்டும். அதுவரை வண்டியை வீதியில் இறக்காதிருத்தல் நமக்கும் பிறர்க்கும் நன்று. முற்றத்திற் கறை கண்ட அன்றே குனிந்து பாருங்கள். நாம் குனியாதிருந்தமைக்கு ஹவ்லொக் வீதியில் விலை கொடுத்திருப்போம். அச்சாரதியின் விழிப்பு நம்மைக் காத்தது.