கோடை உழவில் தூசி, சேற்றுழவில் தண்ணீர்: டிராக்டர் கெடாமல் காப்பது எப்படி?

காருக்கு கிலோமீட்டர் கணக்குப் பார்த்து சர்வீஸ் செய்கிறோம். டிராக்டருக்கு மணிக்கணக்குதான் சரி. உழவு நேரத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 250 மணி நேரம் ஓடிவிடும். பல மாடல்களில் இன்ஜின் ஆயிலை மாற்றச் சொல்லும் கணக்கே இதுதான். 'ஆறு மாதம் ஆகட்டும்' என்று காத்திருந்தால், தேய்ந்துபோன ஆயிலிலேயே சேற்றுழவு முழுவதும் ஓடும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. டெல்டாவில் அதற்கு முன்பு காய்ந்த நிலத்தில் கோடை உழவு, தண்ணீர் வந்த பிறகு கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு. முதல் வேலையில் தூசி இன்ஜினைக் கெடுக்கிறது. இரண்டாவது வேலையில் சேற்றுத் தண்ணீர் கியர் பெட்டியையும் பேரிங்குகளையும் கெடுக்கிறது. இந்த இரண்டையும் தடுத்தாலே பெரிய செலவுகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

எந்த வேலைக்கும் முன்பு வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கலப்பையைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

ஏர் கிளீனர்: தினமும் பாருங்கள்

இன்ஜினுக்குள் போகும் தூசி, ஆயிலோடு கலந்து உப்புத்தாள் போல லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். பிறகு நீலப்புகை வரும், ஆயில் குறையும், இழுவை போய்விடும்.

ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால், 8 முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழே உள்ள கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். புழுதி அதிகமுள்ள நாளில் இரண்டு முறை பார்ப்பது நல்லது. ஆயில் கெட்டியாகி அடியில் சகதி தங்கியிருந்தால், அதைக் கொட்டிவிட்டு கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, புது ஆயிலைக் குறியீடு வரை மட்டும் ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் தூசி உள்ளே போகும். அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி, கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும் ஆபத்து உண்டு.

காகித ஃபில்டர் என்றால், உள்பக்கத்திலிருந்து வெளியே குறைந்த அழுத்தத்தில் காற்றடியுங்கள். தரையில் ஓங்கித் தட்டாதீர்கள். கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை மறக்காதீர்கள். அதைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால், குழாயில் வெடிப்போ கிளாம்பில் தளர்வோ, வேறு எங்காவது ஒழுக்கோ இருக்கும்.

இன்ஜின் ஆயில்: நிறம் மட்டும் போதாது

டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். அதனால் கறுப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், ஹவர் மீட்டரைப் பாருங்கள். எத்தனை மணி நேரம், எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே கணக்கு. புது டிராக்டருக்கு முதல் ஆயில் மாற்றம் இன்னும் முன்னதாகவே வரும்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். அழுக்கும் சேர்ந்து இறங்கிவிடும். ஆயில் ஃபில்டரையும் அதோடு மாற்றுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன்பு டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சேற்றுழவு முடிந்ததும்

சேற்றில் அச்சு மூழ்க ஓட்டும்போது, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். இரவு முழுவதும் வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பு கியர் பெட்டியின் வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் வெளுத்திருந்தாலோ முழுவதையும் மாற்றுங்கள். சீலையும் மாற்றாவிட்டால் புது ஆயிலும் அடுத்த உழவில் கெட்டுவிடும். பல டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். தண்ணீர் கலந்தால் கலப்பை தூக்கும் பம்பும் சேர்ந்து பழுதாகும்.

தினமும் வேலை முடிந்து வண்டியைக் கழுவியதும், முன் அச்சில் உள்ள கிரீஸ் நிப்பிள்களில் கிரீஸ் அடியுங்கள். சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே வந்து, சுத்தமான கிரீஸ் தெரியும் வரை அடிக்க வேண்டும்.

டீசலும் ரேடியேட்டரும்

மாலையிலேயே டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்கில் இரவுக் குளிரில் நீர்த்துளி படிந்து டீசலில் கலக்கும். ஃபில்டர் அடியில் தங்கிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், வெந்நீர் முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டர் தகடுகளில் அடைத்த வைக்கோல் தூசியை அடிக்கடி எடுத்துவிடுங்கள்.

நோட்டில் எழுதுங்கள்

ஆயில் மாற்றிய நாளையும் அன்றைய ஹவர் மீட்டர் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். டிரைவர் மாறினாலும் கணக்கு மாறாது. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாமல், கேனில் பிடித்து பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் உங்கள் நாற்றங்காலுக்கும் பாய்கிறது.